கோப்புப் பெயரும் படங்காட்டியின் முறிவும்

தோற்றுவாய்

ஓலைச் சுவடிகளையும் பழம்பதிப்புகளையும் படமாக்கிக் கணிப்பொறியில் வைத்துப் பயிலும் முறை இன்று தமிழாராய்ச்சிக்கு இன்றியமையாததாகிவிட்டது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம், டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூலகம் போன்ற இடங்களுக்கு நேரிற் சென்று ஏடு பார்க்கும் தேவை இன்றும் உண்டு. எனினும், பாட வேறுபாடு காணப் புகும் மாணவர் பலர் முதற்கண் காண்பது ஏட்டை அன்று. ஏட்டின் படத்தையே ஆகும். அப்படத்தைத் திறந்து திரையிற் காட்டுவது படங்காட்டி எனப்படும் மென்பொருள்.

இம்மென்பொருள் சிற்சில படங்களைத் திறக்கப் புகுங்கால், ஒரு செய்தியும் கூறாது முறிந்து மறைந்துவிடுதல் உண்டு. அவ்வாறு முறிந்தவிடத்துப் படம் கெட்டது என்றும், கணிப்பொறி கெட்டது என்றும் கருதுதல் பொதுவியல்பு. ஆயின், ஆராய்ந்து நோக்கின், பலகால் இரண்டும் பழுதற்றனவாகவே இருக்கும். படம் இருக்கும் இடத்தைச் சுட்டும் பெயர்த்தொடரை மென்பொருள் சரிவர ஏற்றுக்கொள்ளாமையே ஆண்டுக் காரணமாகும்.

இது பொறியியலார்க்கே உரிய செய்தி என்று தமிழ் பயில்வோர் ஒதுக்கிவிடுதற்கில்லை. ஓர் ஏட்டின் படம் திறவாமை கண்டு, 'இவ்வேடு சிதைந்தது' என்று ஒருவர் குறித்துவிடின், அக்குறிப்பு அடுத்தவர் நூலிலும் ஏறும்; நாளடைவில் இருக்கும் ஏடு இல்லாத ஏடாகிவிடும். ஆதலின், பெயர் காரணமாக நிகழும் இம்முறிவின் இயல்பையும், அதனை அறியும் வழியையும் ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

பாதை என்பது யாது?

கணிப்பொறியில் ஒவ்வொரு கோப்பும் ஒரு கோப்புறையினுள் உள்ளது. அக்கோப்புறை மற்றொரு கோப்புறையினுள் உள்ளது. 'சுவடிகள்' என்பதனுள் 'எட்டுத்தொகை', அதனுள் 'அகநானூறு', அதனுள் 'ஏடு 12' என இப்பெயர்களை நிரல்படத் தொடுத்துக் கூறுவதே பாதை எனப்படும். லினக்சு முதலிய இயங்குதளங்களில் முன்சாய்வுக் கோடும், விண்டோசில் பின்சாய்வுக் கோடும் ஒரு பெயரையும் அடுத்த பெயரையும் பிரித்து நிற்கும்.

படங்காட்டி ஒரு படத்தைத் திறக்கும்பொழுது அதனை மட்டும் நோக்குவதன்று. அடுத்த படம், முந்தைய படம் எனப் பயனாளர் புரட்டுதற்கு வாய்ப்பாக, அக்கோப்புறையில் உள்ள படங்கள் அனைத்தின் பெயர்களையும் பட்டியலிட்டுக்கொள்ளும் படங்காட்டிகள் பல. எனவே, நேரிய பெயருடைய படத்தை நாம் திறக்கினும், அதன் பக்கத்தில் உள்ள வேறொரு கோப்பின் பெயர் மென்பொருளை முறித்துவிடல் கூடும். குற்றமற்ற ஏட்டின்மேல் குற்றம் சாரும் வகைகளுள் இஃது ஒன்று.

பெயருக்கு இட்ட எல்லைகள்

1981இல் வெளிவந்த டாஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்கும், அதன் வகையைக் காட்டும் ஈறு மூன்று எழுத்துக்கும் மேற்படலாகாது. 1995ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோசு 95 இவ்வெல்லையை விரித்தது. ஆயினும் பாதை முழுமைக்கும் 260 குறிகள் என்னும் வரையறை நின்றது. இயக்ககத்தைக் குறிக்கும் எழுத்து, முக்காற்புள்ளி, பின்சாய்வுக் கோடு ஆகிய மூன்றும், தொடரின் முடிவைக் காட்டும் சுழிக்குறி ஒன்றும் போக எஞ்சியவை 256 ஆகும். விண்டோசின் உட்கட்டமைப்பு ஏறத்தாழ 32,767 குறிகள் கொண்ட பாதையையும் ஏற்க வல்லது. எனினும், பெரும்பாலான மென்பொருள்கள் 260 என்னும் எல்லையையே நம்பி எழுதப்பட்டன. 2016இல் வெளிவந்த விண்டோசு 10இன் 1607ஆம் பதிப்பு முதல் இவ்வெல்லையை நீக்கிக்கொள்ள வழி செய்யப்பட்டது. ஆயின், கணிப்பொறியின் அமைப்பிலும் அதற்கு இசைவு வேண்டும். மென்பொருளும் தான் நீண்ட பாதையைத் தாங்கவல்லது என அறிவித்தல் வேண்டும். இவ்விரண்டனுள் ஒன்று குறையினும் பழைய எல்லையே நிற்கும்.

லினக்சில் எல்லை வேறு வகையினது. ஆண்டுப் பெரிதும் வழங்கும் கோப்பு முறைகளில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகள் என்பது வரையறை. விண்டோசு குறிகளை எண்ணுகின்றது. லினக்சு பைட்டுகளை எண்ணுகின்றது. இவ்வேறுபாடு ஆங்கிலப் பெயர்களில் வெளிப்படாது. தமிழ்ப் பெயர்களில் பெரிதும் வெளிப்படும். அது எவ்வாறெனின், கூறுதும்.

எழுத்தும் குறியெண்ணும்

நம் இலக்கண மரபில் உயிர்மெய் ஓரெழுத்தாகும். ஒருங்குறியில் அஃது அவ்வாறன்று. அகர உயிர்மெய்க்கு ஒரு குறியெண்ணும், ஏனை உயிர்மெய்களுக்கு அவ்வெழுத்தின் குறியெண்ணோடு உயிர்க்குறியின் குறியெண்ணும், மெய்க்குப் புள்ளியின் குறியெண்ணும் வேண்டப்படும். 'அகநானூறு' என்பது நமக்கு ஐந்தெழுத்து. கணிப்பொறிக்கு எட்டுக் குறியெண். 'தொல்காப்பியம்' நமக்கு ஏழெழுத்து, கணிப்பொறிக்குப் பதின்மூன்று.

இக்குறியெண்களைப் பைட்டுகளாக எழுதும் முறைகளுள் பெருவழக்கிற்றாகிய யூடிஎஃப்-8, கென் தாம்சன், ராப் பைக் ஆகிய இருவரால் 1992இல் வகுக்கப்பட்டது. அம்முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டும், தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டும் செல்லும். ஆகவே 'அகநானூறு' 24 பைட்டு. 'தொல்காப்பியம்' 39 பைட்டு. 255 பைட்டு என்னும் எல்லையுள் ஆங்கில எழுத்து 255 அடங்கும். தமிழ்க் குறியெண்ணோ 85 மட்டுமே அடங்கும். எழுத்தாக எண்ணின் ஐம்பது அளவே தேறும். நூற்பெயர், உரையாசிரியர் பெயர், பதிப்பாண்டு, ஏட்டெண் ஆகியன யாவும் அமையப் பெயரிட விரும்புவார்க்கு இஃது இடுக்கண் தருவதாகும். விண்டோசில் இனிது வாழ்ந்த நெடும்பெயர் லினக்சுக்குப் படியெடுக்குங்கால் ஏறாது நின்றுவிடுதற்குக் காரணமும் இதுவே.

வினாக்குறியாகிவிட்ட நூல்கள்

ஒருங்குறிக்கு முன்னர், ஒவ்வொரு மொழிக்கும் 256 இடங்களைக் கொண்ட தனித்தனிக் குறிப்பட்டியலை விண்டோசு வைத்திருந்தது. பழைய முறையில் எழுதப்பட்ட மென்பொருள் இன்றும் கோப்பின் பெயரை அப்பட்டியல் வழியாகவே கேட்கும். உருசியம், கிரேக்கம், தாய் முதலிய மொழிகளுக்கு இத்தகைய பட்டியல் உண்டு. விண்டோசு தமிழை ஏற்றது ஒருங்குறி வழியாக மட்டுமே. இயங்குதளத்தின் பொதுப் பட்டியலாக அமையத்தக்க பழைய முறைப் பட்டியல் தமிழுக்கு இல்லை. ஆதலின் பழைய மென்பொருள் தமிழ்ப் பெயரைக் கேட்கும்பொழுது, ஒவ்வொரு குறியெண்ணுக்கும் ஈடாக ஒரு வினாக்குறியே விடையாகக் கிடைக்கும்.

இதன் விளைவைக் காண்போம். 'அகநானூறு' எட்டு வினாக்குறிகளாகும். 'பரிபாடல்' என்பதும் எட்டுக் குறியெண் கொண்டதாதலின் அதுவும் எட்டு வினாக்குறிகளே ஆகும். 'புறநானூறு', 'கலித்தொகை' ஆகிய இரண்டும் ஒன்பது ஒன்பதாக நிற்கும். அகமும் புறமும் வேறுபடுவது வினாக்குறி ஒன்றன் மிகையால் மட்டுமே! அன்றியும், விண்டோசில் வினாக்குறி கோப்பின் பெயரில் வரலாகாத குறியாகும். எனவே, இல்லாத கோப்பை, இருக்கவும் இயலாத பெயரால் மென்பொருள் தேடுகின்றது. தேடியது கிட்டுவதில்லை. 2019இல் வெளிவந்த விண்டோசு 10இன் 1903ஆம் பதிப்பு முதல், ஒரு மென்பொருள் தன் பட்டியலாக யூடிஎஃப்-8ஐயே கொள்ளலாம் என்னும் வசதி ஏற்பட்டது. ஆயினும் அதனை மென்பொருளாளர் வேண்டிப் பெற்றாலன்றிப் பயன் இல்லை.

பொதிந்து அனுப்பப்படும் சிப் கோப்புகளிலும் இதனையொத்த இடர் உண்டு. அவற்றினுள் பெயர் யூடிஎஃப்-8இல் எழுதப்பட்டுள்ளது எனக் காட்டும் அடையாளம் 2006இல்தான் அவ்வமைப்பின் வரையறையுள் சேர்க்கப்பட்டது. அவ்வடையாளம் இன்றிப் பொதியப்பட்டவற்றை அவிழ்க்குங்கால், தமிழ்ப் பெயர்கள் பொருளற்ற குறிகளின் கோவையாக வெளிப்படும்.

ஒரு பெயர், இரு வடிவம்

'தொ' என்னும் எழுத்தை ஒருங்குறியில் இரு வகையாக எழுதலாம். தகரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தல் ஒன்று. தகரத்தோடு எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தல் மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். இவை தம்முள் ஒன்றே என்பது ஒருங்குறியின் விதியும் ஆகும். ஆயினும் பைட்டுகளாக நோக்கின், முன்னைய வகையில் 'தொல்காப்பியம்' 39 பைட்டும், பின்னைய வகையில் 42 பைட்டும் பெறும். லினக்சு இவ்விரண்டையும் வேறு வேறு பெயராகவே கொள்ளும். ஒரே கோப்புறையில் 'தொல்காப்பியம்' என்னும் பெயரால் இரு கோப்புகள் இருத்தல் கூடும். 1998 முதல் மேக் கணிப்பொறிகளில் வழங்கிய எச்எஃப்எஸ் பிளசு என்னும் கோப்பு முறை, சேர்த்து எழுதிய குறியையும் பிரித்தே எழுதி வைத்தது. 2017இல் அதன் இடத்தைப் பெறத் தொடங்கிய ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவத்தையே காக்கின்றது. இவ்விரு காலத்துக் கோப்புகளும் ஒரே நிலைவட்டில் கலந்து கிடப்பின், பட்டியலில் உள்ள பெயர் கோப்புறையில் இல்லை என மென்பொருள் கூறுவதில் வியப்பில்லை.

இனி, ஒருங்குறியின் விதியாலும் ஒன்றாகாத பிறழ்ச்சி ஒன்று உண்டு. 'கௌ' என்பதன் ஔகாரக் குறியில் இறுதியில் நிற்கும் உறுப்பு ளகரம் போல் தோன்றுவதால், 'கெ', 'ள' என்னும் ஈரெழுத்தாகவே தட்டச்சிடுவார் உளர். இவ்விரண்டும் எழுத்தாலேயே வேறானவை. கண்ணுக்குப் புலப்படாத இணைப்புத் தடைக் குறிகள் பிறவிடத்திலிருந்து படியெடுத்த பெயர்களில் ஒட்டிக்கொண்டு வருதலும் இவ்வகையைச் சாரும்.

சிறப்புப் பொருள் கொண்ட குறிகள்

தமிழ் எழுத்தால் அன்றி, நிறுத்தக் குறிகளாலும் பாதை பிறழும். லினக்சில் முன்சாய்வுக் கோடும் சுழிக்குறியும் அல்லாத எப்பைட்டும் பெயரில் வரலாம். விண்டோசில் முக்காற்புள்ளி, வினாக்குறி, உடுக்குறி, இரட்டை மேற்கோள் முதலியன வரலாகா. பெயரின் ஈற்றில் நிற்கும் புள்ளியையும் வெற்றிடத்தையும் விண்டோசு பொதுவாக நீக்கிவிட்டே தேடும். இது தமிழ் ஆராய்ச்சியாளர் சிறப்பாக உளங்கொளற்பாலது. 'உ. வே. சா.' என லினக்சில் பெயரிட்ட கோப்புறையை விண்டோசில் திறக்க முற்படின், ஈற்றுப் புள்ளி நீங்கிய பெயரையே அது தேடும். உள்ளே இருக்கும் படங்கள் அனைத்தும் கைக்கெட்டாமற் போகும். முன்னெழுத்துக்குப் பின் புள்ளியிடுதல் நம் வழக்கம். பெயரின் முதற்புள்ளிக்குப் பின் வருவதே கோப்பின் வகை எனப் பிழைபடக் கொள்ளும் மென்பொருளும் இப்பெயர்களில் இடறும்.

பாதையை இணைய முகவரி போலக் கொள்ளும் மென்பொருளுக்கு வேலிக்குறியும் விழுக்காட்டுக் குறியும் இடர் தருவன. முகவரியில் வேலிக்குறிக்குப் பின் வருவது கோப்பின் பெயராகாது. ஒரு பகுதியைச் சுட்டுவதாகும். சி மொழியிலோ, அச்சிடும் கட்டளைக்கு விழுக்காட்டுக் குறி ஓர் ஏவலாகும். பெயரையே கட்டளையாகக் கொடுத்துவிடின், அதிலுள்ள விழுக்காட்டுக் குறி நினைவகத்தின் வேண்டாத இடத்தைத் தொடச் செய்யும். 2021இல் ஐபோனில், விழுக்காட்டுக் குறிகள் மிக்க பெயருடைய கம்பியிலா வலையமைப்பு ஒன்றில் இணைந்த அளவில் அப்பேசியின் வைஃபை வசதி செயலற்றுப்போனமை யாவரும் அறிந்ததொன்று. அது கோப்பின் பெயர் அன்றெனினும், பெயரொன்று கட்டளையாக மாறிய பிழையே ஆண்டும் நிகழ்ந்தது.

சில சொற்களும் விலக்கப்பட்டவை. டாஸ் காலத்தில் கருவிகளுக்கு இட்ட 'கான்', 'ஆக்ஸ்', 'நல்' முதலிய பெயர்களை விண்டோசு தனக்கெனக் காத்துக்கொண்டது. விண்டோசு 95, 98 ஆகியவற்றில் 'கான்' என்பது ஒரு பாதையில் அடுத்தடுத்து இருமுறை வரின் கணிப்பொறி முழுவதும் நிலைகுலைந்தது. 2000ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதற்குத் திருத்தம் வெளியிடப்பட்டது.

முறிவு நிகழும் வகை

மேற்கூறியவை யாவும் கோப்புக் கிட்டாமைக்குக் காரணங்கள். கிட்டாமை வேறு, முறிதல் வேறு. கோப்புக் கிட்டவில்லை என்று கூறி நிற்கும் மென்பொருள் தன் கடமையைச் செய்ததாகும். முறிவு நிகழ்வது மூன்று வகையால் எனலாம்.

ஒன்று, இடம் போதாமை. பாதைக்கு 260 இடமே ஒதுக்கிய நிரலாளர், வரும் தொடரின் நீளத்தை அளவாமல் அதில் எழுதச் செய்திருப்பின், மிகுந்த பகுதி அடுத்துள்ள நினைவகத்தில் ஏறி, ஆண்டிருந்த செய்தியை அழிக்கும். இரண்டு, விடையை நோக்காமை. 'கோப்பைத் திற' என ஏவியபின், திறந்ததா எனக் கேளாமல், திறந்ததாகவே கொண்டு படத்தைப் படிக்கப் புகுதல். இல்லாத இடத்தைத் தொட்ட குற்றத்திற்காக இயங்குதளம் அம்மென்பொருளை நிறுத்திவிடும். மூன்று, மாற்ற இயலாமை. ஒரு குறியேற்றத்திலிருந்து மற்றொன்றுக்குப் பெயரை மாற்றுங்கால், மாற்ற இயலாத குறி வந்தது என நூலகநிரல் எழுப்பும் முறையீட்டை ஏற்பார் இல்லாதவிடத்து, மென்பொருள் தானே முடிந்துவிடும்.

மூன்றனுக்கும் பொதுவாகிய வேர் ஒன்றே. வரும் பெயர் இவ்வாறுதான் இருக்கும் என்று முன்னரே முடிவு செய்துகொண்டமையே அது. குறுகிய, ஆங்கில எழுத்தாலாய, புள்ளி ஒன்றே கொண்ட பெயரை மட்டும் வைத்துச் சோதித்தவர்க்கு இப்பிழைகள் தோன்றா. ஆதலின், இவற்றைத் தமிழ் எழுத்தின் குறையாகக் கூறுதல் பொருந்தாது. ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளிவந்த 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் அதனுள் இடம்பெற்றது. விதியின்படி அமைந்த பெயரை ஏலாமை, ஏற்பதற்கு உரிய மென்பொருளின் குறையே ஆகும்.

ஆராய்ச்சியாளர் செய்யத்தக்கன

படம் திறவாதவிடத்து முதற்கண் செய்யத்தக்கது, அக்கோப்பின் படியொன்றை எடுத்து, இயக்ககத்தின் மேல்நிலையில் ஒரு கோப்புறை அமைத்து, எண்ணால் மட்டும் பெயரிட்டுத் திறந்து பார்த்தல். திறக்குமாயின் படம் நன்று. பெயரே இடர் என்பது பெறப்படும். படியெடுத்தலே இயலாதாயின், அக்கோப்புப் பிறந்த இயங்குதளத்திலேயே சோதித்தல் வேண்டும். எளிய பெயராலும் திறவாதாயின், வேறு படங்காட்டியால் நோக்கிய பின்னரே படம் சிதைந்தது எனக் கூறலாம். இச்சோதனை செய்யாது 'ஏடு கிடைத்திலது' என எழுதுதல் ஆராய்ச்சி முறையாகாது.

இரண்டாவது, மூலக்கோப்பின் பெயரை மாற்றுதற்கு முன் பழம்பெயரைப் பட்டியலில் எழுதி வைத்தல். பெயரிலேயே ஏட்டெண்ணும் பக்கமும் அடங்கியிருத்தலால், பெயரை இழத்தல் ஏட்டின் வரிசையை இழத்தலாக முடியும். கட்டவிழ்ந்து ஏடுகள் வரிசை மாறிய சுவடியின் துன்பத்தைப் பதிப்பாசிரியர் நன்கறிவர். பெயர் மாறினும் உள்ளடக்கம் மாறவில்லை என நிறுவ, எஸ்எச்ஏ-256 போன்ற கணிப்பால் பெறும் சரிபார்ப்பெண்ணை மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஒப்பிடலாம். அவ்வெண் உள்ளடக்கத்தைச் சார்ந்தது, பெயரைச் சார்ந்ததன்று.

மூன்றாவது, நெடுங்காலம் பேணவேண்டிய மூலப் படங்களுக்குக் குறுகிய எண்ணடையாளம் இட்டு, நூற்பெயர் முதலிய விவரங்களை அட்டவணையில் தமிழிலேயே முழுமையாக எழுதுதல். சுவடி நூலகங்கள் ஒவ்வொரு சுவடிக்கும் எண் இட்டு, விவரத்தை அட்டவணையில் தந்த முறையே இதுவாகும். கோப்புறைகளை மிக ஆழமாக அடுக்காமையும், பெயரின் ஈற்றில் புள்ளி இடாமையும், ஒகர ஓகார ஔகாரக் குறிகளைச் சேர்ந்த வடிவத்திலேயே எழுதுதலும் நலம் பயக்கும்.

இவற்றோடு கூறவேண்டியது மற்றொன்று உண்டு. முறிவு கண்டவர் பெயரை மாற்றிக்கொண்டு வாளா அமைந்துவிடுகின்றனர். அதனால் அவர் பணி நடைபெறும். பிழை அவ்வாறே நிற்கும். தமிழ்ப் பெயரால் தம் மென்பொருள் முறிகின்றது என்பதை அதனை ஆக்கியோர் அறிய வாய்ப்பே இல்லை. முறிவை உண்டாக்கிய பெயரை ஓர் எழுத்தும் மாற்றாமல், இயங்குதளத்தின் பதிப்பு, பாதையின் நீளம், எளிய பெயரில் அதே படம் திறந்தமை ஆகிய செய்திகளோடு அவர்க்கு எழுதுதல் வேண்டும். படத்தை அனுப்புதல் வேண்டா. வெற்றுப் படமொன்றுக்கு அப்பெயரை இட்டு அனுப்பினும் போதும். பாட வேறுபாட்டை உள்ளவாறே காட்டும் பயிற்சி உடையார்க்கு இஃது அரிய செயல் அன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், படங்காட்டியின் முறிவு படத்தின் பழுதுக்குச் சான்றாகாது என்பதும், நீளம், குறியேற்றம், வடிவ வேறுபாடு, சிறப்புக் குறி ஆகிய நான்கும் பாதை பிறழ்தற்குக் காரணங்கள் என்பதும், பிறழ்ந்த பாதையை ஆராயாது ஏற்கும் மென்பொருளே முறிகின்றது என்பதும் விளங்கும். எண்ணால் பெயரிடுதல் இன்றைய நிலையில் விழிப்புடைமை. அதனைத் தமிழால் பெயரிடலாகாது என்னும் விதியாக்கிவிடுதல் பொருந்தாது. ஏட்டைக் காத்தற்கு முதலதையும், மொழியின் உரிமையைக் காத்தற்கு முறையீட்டையும் ஒருங்கே மேற்கொள்ளுதல் வேண்டும் என்பது எம் துணிபு. திறவாத படத்தைச் சிதைந்த ஏடாக எண்ணி எழுதப்பட்ட குறிப்புகள் தம் துறையில் உளவாயின், அவற்றை மீண்டும் ஒருமுறை சோதித்து நோக்குதல் ஆராய்ச்சி மாணவர் இன்றே தொடங்கத்தக்க பணியாகும்.